எச்டி தட்டு, எச்டி திரை: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் முதலில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டேன். அப்புறம் விசிடி, அப்புறம் டிவிடி. இப்போது வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை. டிவி பழுது பார்க்கிறேன், புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு யோசனை சொல்கிறேன். யோசனைக்குக் காசு வாங்குவதில்லை என்பதால் அதற்குத்தான் கூட்டம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, ப்ளூ-ரே, எச்டி-டிவிடி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. எச்டி என்றால் டிவிடியைவிடத் துல்லியமான படம், அதைத் தாங்க வந்த இரண்டு வகைத் தட்டுகள் இவை. இரண்டும் ஒரே அளவு, இரண்டையும் படிப்பது ஒரே நீல ஊதா லேசர். ஆனால் ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது.

பால்மரம் (ரப்பர்) சீவியவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கத்தி தடிமனாக இருந்தால் ஒரு பட்டையில் கொஞ்சம் கோடுதான் விழும். மெல்லிய கத்தி என்றால் அதே பட்டையில் இன்னும் நிறையக் கோடு போடலாம். டிவிடியைப் படிக்கும் சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். நீல ஊதா லேசருக்கு 405. கத்தி மெலிந்ததும் கோடுகள் நெருங்கின. டிவிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி, எச்டி-டிவிடியில் 0.40, ப்ளூ-ரேயில் 0.32. அதனால்தான் ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, எச்டி-டிவிடியில் 15, ப்ளூ-ரேயில் 25. இரட்டை அடுக்கு என்றால் எச்டி-டிவிடியில் 30, ப்ளூ-ரேயில் 50.

ப்ளூ-ரே இவ்வளவு நெருக்கியதற்கு ஒரு விலை இருந்தது. தகவல் அடுக்கு தட்டின் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியிலும் எச்டி-டிவிடியிலும் அது 0.6 மில்லிமீட்டர் ஆழம். சிறு கீறல் விழுந்தாலும் ப்ளூ-ரே படிக்காது என்பதால் மேலே கெட்டியான பூச்சு பூச வேண்டியிருந்தது. எச்டி-டிவிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. டிவிடி செய்யும் அதே ஆலையைக் கொஞ்சம் மாற்றினால் போதும், செலவும் குறைவு.

அப்படியானால் மலிவானதுதானே ஜெயித்திருக்க வேண்டும்?

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1975இல் சோனி பீட்டாமேக்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஜேவிசி விஎச்எஸ்ஸோடு வந்தது. நம் கடைகளில் எந்தக் கேசட் அடுக்கியிருந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். கடைசியில் 1988இல் சோனியே விஎச்எஸ் இயந்திரம் செய்ய இறங்கிவந்தது. பட்ட அடியை அவர்கள் மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2006 மார்ச் முடிவில் தோஷிபா ஜப்பானில் எச்டி-டிவிடி பிளேயரை இறக்கியது. அடுத்த மாதம் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. ஜூனில் சாம்சங் அங்கே இறக்கிய முதல் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர், ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் அந்த நவம்பரில் சோனி தன் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 3க்குள் ப்ளூ-ரேயை வைத்தே விற்றது. விளையாட வாங்கிய பிள்ளைகளின் வீட்டில் பிளேயர் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்ப்பக்கம் நின்ற மைக்ரோசாஃப்டோ எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்டி-டிவிடியைத் தனிப் பெட்டியாக 199 டாலருக்கு விற்றது. தனியாகக் காசு கொடுத்து யார் வாங்குவார்?

இன்னொரு பக்கம் படக் கம்பெனிகள். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ப்ளூ-ரே பக்கம். யூனிவர்சல் எச்டி-டிவிடி பக்கம். பாரமவுண்ட் முதலில் இரண்டிலும் வெளியிட்டது, 2007 ஆகஸ்டில் எச்டி-டிவிடிக்கே தாவியது. வார்னர் இரண்டு தோணியிலும் கால் வைத்திருந்தது. 2008 ஜனவரி 4ஆம் தேதி, இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அது அறிவித்ததும் ஆட்டம் முடிந்தது. பிப்ரவரி 19ஆம் தேதி தோஷிபா கைவிட்டது. இரண்டு வருடம்கூட ஓடாத சண்டை.

என்னைக் கேட்டால் ஜெயித்தது தட்டு அல்ல, விளையாட்டுப் பெட்டி. தோற்றதில் நமக்குப் பிடித்த குணம் ஒன்று இருந்தது: ஒரு வட்டாரத்தில் விற்ற தட்டை வேறு வட்டாரத்து பிளேயரில் ஓடவிடாத வட்டாரப் பூட்டே எச்டி-டிவிடிக்குக் கிடையாது. உறவுக்காரர்கள் நாலு நாட்டில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு வசதி!

என் பிளேயர் பெட்டியில் ‘எச்டி’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே, அங்கிள்?

அது எச்டி-டிவிடி பிளேயராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சாதாரண டிவிடியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பெரிதாக்கி அனுப்பும் பிளேயர்களிலும் அந்த எழுத்துகளைப் பெரிதாக அச்சடித்தார்கள். நானே ஏமாந்தேன். ஈப்போவில் ஒரு கடையில் ‘எச்டி டிவிடி’ என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வந்து, சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொடுத்தனுப்பிய ப்ளூ-ரே தட்டைப் போட்டேன். வாயைத் திறந்தது, தட்டை வாங்கிக்கொண்டது, ‘தட்டு இல்லை’ என்றது. மனைவி சிரித்த சிரிப்பு அக்கம்பக்கத்துக்கே கேட்டது. அந்த பிளேயர் இன்னும் இருக்கிறது. டிவிடி நன்றாகத்தான் ஓட்டுகிறது.

இந்தியாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ தட்டு வாங்கிவந்தால் இங்கே ஓடுமா?

டிவிடிக்கு மலேசியா 3ஆம் வட்டாரம், இந்தியா 5, பிரிட்டன் 2. ப்ளூ-ரேக்கு நாம் ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. ஆக, மூன்று நாட்டுக்கும் மூன்று பூட்டு. ஆனால் எல்லாத் தட்டையும் பூட்டி விற்பதில்லை. அட்டையின் பின்பக்கம் உலக உருண்டைப் படத்தில் எழுத்தோ எண்ணோ இருக்கும், அதைப் பாருங்கள். ஏ, பி, சி மூன்றும் இருந்தால் கவலை இல்லை. 2016இல் வந்த, இன்னும் துல்லியமான 4கே ப்ளூ-ரேயில் வட்டாரப் பூட்டையே எடுத்துவிட்டார்கள்.

புது டிவி வாங்கினேன், பழைய டிவிடி முன்னைவிட மோசமாகத் தெரிகிறது. டிவி கெட்டுப்போச்சா?

டிவி நன்றாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நம் பக்கத்து விசிடியில் ஒரு படத்துக்கு 352க்கு 288 புள்ளி, அதாவது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். டிவிடியில் 720க்கு 576, நாலு லட்சத்துச் சொச்சம். முழு எச்டியில் 1920க்கு 1080, இருபது லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 3840க்கு 2160, எண்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம். ஆக, 4கே திரையில் டிவிடி ஓடும்போது இருபது புள்ளிக்கு ஒரு புள்ளிதான் தட்டிலிருந்து வருகிறது. மிச்சம் பத்தொன்பதையும் டிவி ஊகித்து நிரப்புகிறது. விசிடி என்றால் எண்பதுக்கு ஒன்று.

பின்பக்கம் பெருத்த பழைய டிவி இந்தக் குறையை மறைத்தது. அதன் ஒளிப்புள்ளிகள் ஒன்றோடொன்று லேசாகக் கலங்கி, கோடுகளை மழுப்பிக் காட்டின. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ‘மூன்று படம் ஒரே தட்டில்’ வகையைப் போட்டுவிட்டு என்னிடம் குறை சொல்லாதீர்கள். ஒரு படத்துக்கு உரிய இடத்தில் மூன்றை அமுக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கூர்மை என்ற அமைப்பைக் குறைத்துப் பாருங்கள், கொஞ்சம் தேறும்.

4கே அவசியமா?

டிவி கடைக்குப் போகுமுன் வீட்டில் அளவு நாடாவை எடுங்கள். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதை வைத்துக் கணக்குப் போட்டால், 43 அங்குல முழு எச்டி திரையில் 1.7 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் தனிப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. 55 அங்குலத்துக்கு அந்தத் தூரம் 2.2 மீட்டர். அதற்கும் தள்ளி உட்கார்ந்தால் 4கேயின் கூடுதல் புள்ளிகள் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

லயத்து வீட்டு முன்னறையில் டிவி ஒரு சுவரில், நாற்காலி எதிர்ச் சுவரில். நான் அளந்த வீடுகளில் பெரும்பாலும் பத்தடி, அதாவது மூன்று மீட்டர். அங்கே 43 அங்குலத்தில் 4கேக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். இப்போது கடைகளில் அந்த அளவிலும் 4கேதான் நிறையக் கிடைக்கிறது, வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காகத் தேடாதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பலகை, கேளுங்கள்.

எல்இடி, கியூலெட், ஓலெட்… தலை சுற்றுகிறது தம்பி. எது நல்லது?

பேர்தான் நிறைய, அம்மா. அடிப்படையில் இரண்டே வகை.

முதல் வகையில் பின்னால் விளக்கு எரிகிறது, முன்னால் எல்சிடி ஜன்னல் மாதிரி திறந்து மூடி வெளிச்சத்தை விடுகிறது. எல்இடி டிவி என்பதும் இதுதான், அந்தப் பின்விளக்கு எல்இடி என்பதால் அந்தப் பெயர். 2017இல் சாம்சங் சூட்டிய ‘கியூலெட்’டும் இதே குடும்பம், வண்ணத்தைத் தூய்மையாக்கும் ஒரு படலம் கூடுதலாக இருக்கும். மினி-எல்இடி என்றால் பின்விளக்குகள் பொடிப்பொடியாக, பகுதி பகுதியாக அணைக்கக்கூடியவை. இந்த வகையின் குறை: ஜன்னலை எவ்வளவு மூடினாலும் வெளிச்சம் கசியும். இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரிவது அதனால்தான்.

இரண்டாம் வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். ஓலெட் அப்படி. முன்பு பிளாஸ்மாவும் அப்படித்தான். பிளாஸ்மா கனமானது, கரண்டும் நிறையத் தின்னும், ஆனாலும் படம் அருமையாக இருக்கும். 2013 முடிவில் பேனசோனிக் அதன் தயாரிப்பை நிறுத்தியபோது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பட்டணத்துக் கடையில் பளிச்சென்ற விளக்குக்குக் கீழே எல்சிடி பக்கத்தில் நிற்கும்போது பிளாஸ்மா மங்கித் தெரிந்தது. வாங்குகிறவர்கள் பளிச்சென்றிருந்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஓலெட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. அசையாத படம் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் அதன் தழும்பு திரையில் தங்கிவிடும். காலையில் பக்திப் பாடலுக்குப் போட்டு, ராத்திரி கடைசி நாடகம் வரை ஒரே அலைவரிசை ஓடும் வீடு என்றால், மூலையில் இருக்கும் அந்தச் சின்னம் சில வருடத்தில் நிரந்தர விருந்தாளி ஆகலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் ஓலெட் சொல்வதில்லை. பகலெல்லாம் கதவைத் திறந்துபோட்டு வெயில் உள்ளே அடிக்கும் வீட்டுக்கும் எல்சிடிதான் கட்டும்.

எல்சிடியிலும் ஒன்று கவனியுங்கள். பேனலில் விஏ என்றும் ஐபிஎஸ் என்றும் இரண்டு உண்டு. விஏவில் கறுப்பு நன்றாக வரும், ஆனால் நேர் எதிரே உட்கார வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துவிடும். ஐபிஎஸ் அதற்கு நேர் எதிர். நம் வீடுகளில் அப்பா நாற்காலியில், பாட்டி ஓரத்தில், பிள்ளைகள் தரையில். டிவியோ சாமி மேடை உயரத்தில் தொங்குகிறது! அந்த வீட்டுக்கு விஏ வாங்கிக் கொடுத்தால் சரியான படம் பார்ப்பது சுவரில் இருக்கும் பல்லி மட்டும்தான். கடையில் டிவியைப் பார்க்கும்போது ஓரமாகப் போய், குனிந்து பாருங்கள். விற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

எச்டிஆர், டோல்பி விஷன் என்கிறார்களே?

தட்டுச் சண்டை முடிந்து இப்போது வெளிச்சச் சண்டை. எச்டிஆர் என்பது புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியது. எச்டிஆர் 10 என்பது பொதுவானது. படம் முழுவதற்கும் ஒரே வெளிச்சக் குறிப்பு அனுப்பும். டோல்பி விஷன் காட்சிக்குக் காட்சி குறிப்பு அனுப்பும், அதற்குக் கம்பெனிகள் டோல்பிக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். சாம்சங் அதைத் தன் டிவிகளில் சேர்க்காமல், எச்டிஆர் 10 பிளஸ் என்பதை முன்னால் தள்ளியது.

நல்ல வேளை, இதில் தோற்றவர் வீட்டிலும் படம் ஓடும். எது இல்லாவிட்டாலும் எச்டிஆர் 10 ஆக இறங்கிக் காட்டிவிடும். ஆனால் விலை குறைந்த டிவிகளில் பெட்டி மேல் ‘எச்டிஆர்’ என்று போட்டிருந்தாலும் அதைக் காட்டும் அளவுக்கு வெளிச்சம் பேனலில் இருக்காது. குறிப்பை வாங்கிப் படிக்கும், செய்துகாட்ட முடியாது. படம் முன்னைவிட இருண்டு போனால் அதை அணைத்துவிடுங்கள்.

படம் பார்த்தால் மெகா சீரியல் மாதிரி இருக்கிறது, அண்ணே. ஏன்?

சினிமா நொடிக்கு 24 சட்டகத்தில் எடுக்கப்படுவது. டிவி இரண்டு சட்டகத்துக்கு நடுவே தானாக ஒன்றை வரைந்து நுழைத்து வழுவழுப்பாக்குகிறது. சீரியல் வீடியோ கேமராவில் எடுத்த வழுவழுப்பு நம் கண்ணுக்குப் பழகியதால் பெரிய படமும் சீரியலாகிவிடுகிறது. அமைப்பில் ‘அசைவு மென்மை’ என்ற பொருளில் ஏதாவது ஒரு பெயர் இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அணையுங்கள். பந்து விளையாட்டு பார்க்கும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை. முழுத் திரையில் வராதா?

வரும், ஆனால் பாவம் நடிகர்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதுபோன்ற அகலத் திரைப் படங்கள் நம் டிவியைவிட அகலமானவை; அதனால்தான் பட்டை. முழு எச்டியில் 1080 வரியில் 820 வரிகூடப் படத்துக்குப் பயன்படாது. அதற்கு முந்திய பழைய படங்களோ கிட்டத்தட்ட சதுரம், பட்டை இரண்டு பக்கத்திலும் வரும். அதை இழுத்து நிரப்பினால் கதாநாயகன் நாலு கிலோ கூடிவிடுவார். என் கடைக்கு வரும் ஒரு பெரியவர் வருடக்கணக்கில் அப்படியே பார்த்துவிட்டு, சரி செய்து கொடுத்ததும், “என்னப்பா, எல்லாரும் இளைச்சுப் போயிட்டாங்க” என்றார்.

பழைய படத்துக்கு எச்டி எதற்கு? அப்போது எச்டியே இல்லையே?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது பிலிம் இருந்தது. 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் முழு எச்டியைவிட அதிக விவரம் பதிந்திருக்கிறது. விசிடியும் தேய்ந்த பிரிண்டும் பார்த்துப் பார்த்து, பழைய படம் என்றாலே மங்கல் என்று நமக்குப் பழகிவிட்டது. 1964இல் வந்த கர்ணனை டிஜிட்டலில் சுத்தம் செய்து 2012இல் திரும்பத் திரையிட்டார்கள். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாறாக, 2000களில் சாதாரண வீடியோ கேமராவில் எடுத்த நிகழ்ச்சிகளுக்கு மேலே போக வழியே இல்லை. எடுத்ததே அவ்வளவுதான். ஐம்பது வருடப் பழைய படம் புதுத் திரையில் ஜொலிக்கும், இருபது வருடப் பழைய நாடகம் மங்கும். தமிழ்ப் படங்களில் இப்படி நெகட்டிவிலிருந்து ஒழுங்காக எடுத்து ப்ளூ-ரேயில் போட்டவை குறைவு என்பதுதான் என் மனக்குறை.

எல்லாம் போனிலேயே வருகிறதே, இனி தட்டு எதற்கு?

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் மலேசியாவுக்கு வந்தது. அதற்குப் பின் என் கடையில் தட்டு வாடகைப் பகுதி மூடப்பட்டது. கோபம் ஒன்றும் இல்லை.

படத் தரம் மட்டும் பார்த்தால் தட்டுதான் மேல். ப்ளூ-ரேயில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை தரலாம். 4கே ப்ளூ-ரேயில் அதிகபட்சம் 128. நெட்ஃபிளிக்ஸ் 4கேக்குக் கேட்கும் இணைய வேகமே 15தான். புகை, மழை, இருட்டு உள்ள காட்சிகளில் வித்தியாசம் தெரியும். அப்புறம் அளவு. 4கேயில் மணிக்கு 7 ஜிபி வரை போகும் என்று அவர்களே சொல்கிறார்கள். நம் படம் இரண்டரை மணி நேரம் என்றால் 17 ஜிபிக்கு மேல். செம்பனைக்கு நடுவே இரண்டு கோடு சிக்னலில், போன் ஹாட்ஸ்பாட் போட்டு அதைப் பார்க்கிறேன் என்பவருக்கு என் வாழ்த்துகள். ஃபைபர் வந்த தாமான் வீடு என்றால் இணையமே போதும்.

அப்போது ப்ளூ-ரே பிளேயர் இப்போது வாங்கலாமா?

கையில் தட்டு இருந்தால் வாங்கலாம். ப்ளூ-ரே பிளேயரில் பழைய டிவிடியும் ஓடும் என்பது பெரிய லாபம். ஆனால் செய்கிறவர்கள் குறைந்து வருகிறார்கள். ஆப்போ 2018இல் நிறுத்தியது, எல்ஜி 2024இல். பிளேஸ்டேஷன் 3 பழசாகக் கிடைத்தால் சாதாரண ப்ளூ-ரேக்கு அது போதும். 4கே தட்டை அது படிக்காது, பிளேஸ்டேஷன் 4உம் படிக்காது. தட்டு போடும் வாய் உள்ள பிளேஸ்டேஷன் 5 படிக்கும்.

விலை அதிகமான எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் படம் கூர்மையாகுமா?

ஆகாது. போவது எண்கள். ஒழுங்காகப் போய்ச் சேரும், அல்லது திரையில் பொறி பறக்கும், படம் விட்டு விட்டு வரும். ‘கொஞ்சம் கூர்மை’ என்று நடுவில் ஒன்று கிடையாது. 4கேக்கு நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் என்று கேட்டு, குட்டையாக வாங்குங்கள்.

8கே?

ஜப்பானில் என்எச்கே 2018 டிசம்பரில் 4கேயைவிடவும் துல்லியமான 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது. நீங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறீர்கள். வேண்டாம்.

இடி இடித்தால் டிவியை அணைத்தால் போதுமா, அங்கிள்?

போதாது. ரிமோட்டில் அணைத்தாலும், சுவர் சுவிட்சை அணைத்தாலும், மூன்று ஊசி பிளக்கு சாக்கெட்டில் இருக்கும்வரை வழி இருக்கிறது. பிளக்கைக் கழற்றுங்கள். அதோடு ஏரியல் வயரையும், ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவியின் கூரைத் தட்டிலிருந்து வரும் வயரையும் கழற்ற வேண்டும். என்னிடம் எரிந்து வரும் பலகைகளில் பல அந்த வயர் வழியாக அடி வாங்கியவை. கரண்டு பிளக்கைக் கழற்றிவிட்டேனே என்று அழாக்குறையாக நிற்பார்கள்.

அப்பா அம்மா கல்யாணக் கேசட் இருக்கிறது. அதை 4கே ஆக்கித் தர முடியுமா?

முடியாது. ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். விஎச்எஸ்ஸில் குறுக்காகப் பதிந்திருப்பதே ஏறக்குறைய 240 கோடு விவரம். அதை எச்டிக்கு ஊதினால் ஃபைல் பெரிதாகும், மணப்பெண் முகம் மெழுகுப் பொம்மையாகும். 720க்கு 576இல் பதிந்து, அதிகம் அமுக்காமல் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: கேசட்டைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் இயந்திரத்தில் போடாதீர்கள். கண்ணாடி வழியே பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூசணம். நம் ஈரத்துக்குப் பத்தில் பாதி கேசட் அப்படித்தான் வருகிறது. ஓட்டினால் நாடாவும் கிழியும், இயந்திரத்தின் தலையும் கெடும். தலை போனால் மாற்றுவது கஷ்டம். கடைசியாக இந்த இயந்திரம் செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. என்னிடம் இரண்டு ஓடுகின்றன, மூன்றாவதை உதிரிக்காக வைத்திருக்கிறேன். கேசட்டைக் கழற்றித் துடைத்துக் காயவைக்க ஒரு வாரம் ஆகும். தீபாவளிக்கு முதல் வாரம் மட்டும் கொண்டுவராதீர்கள், அப்போது எல்லாருக்கும் டிவி கெட்டுப்போகும்.